ஓவியக் கேள்விகள்: சிகாகோ கூடத்தின் அமெரிக்கப் படங்கள்

சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் கலைக்கூடத்தில் உள்ள அமெரிக்க ஓவியங்கள், அச்சோவியங்கள் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். ஓவியக் கல்லூரியில் பல வருஷம் எச்சிங் (தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் கலை) கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார். மகள் குடும்பம் சிகாகோ பக்கத்தில் இருப்பதால் அந்தக் கூடம் அவருக்குப் பழகிய இடம்.

அமெரிக்கா நேற்று முளைத்த நாடு. சித்தன்னவாசல் இருக்கும் ஊர்க்காரர்கள் அங்கே போய் ஓவியம் பார்க்க என்ன இருக்கிறது?
(புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்)

சித்தன்னவாசல் தாமரைக் குளம் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. ஆனால் ஒரு படத்தின் முன்னால் நிற்கும்போது அந்த நாட்டின் வயதை நான் கேட்பதில்லை. அதுவும் போக, அந்த மண்ணின் பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கான வருஷமாகப் பாறையிலும் பானையிலும் தோலிலும் வரைந்து வந்தவர்கள். நேற்று முளைத்தது அங்குள்ள அரசாங்கம்தான்.

சரி, ஒரே ஒரு படத்தைச் சொல்கிறேன். கிராண்ட் வுட் 1930-ல் வரைந்த 'அமெரிக்கன் கோதிக்'. கையில் கவைக்கோலோடு ஒரு வயதானவர், பக்கத்தில் ஒரு பெண், பின்னால் வெள்ளை வீடு. விளம்பரங்களிலும் கேலிச்சித்திரங்களிலும் இதைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். நேரில் பார்த்தால் 78 சென்டிமீட்டர் உயரம், 65 சென்டிமீட்டர் அகலம், அவ்வளவுதான். கான்வாஸ்கூட இல்லை. மரநாரை அழுத்திச் செய்த சாதாரணப் பலகை.

1930 ஆகஸ்டில் அயோவா மாநிலத்தின் எல்டன் என்ற சிற்றூரில் வுட் அந்த வீட்டைப் பார்த்தார். குட்டி மர வீடு. மாடியில் மட்டும் தேவாலயத்தில் வைப்பது மாதிரி கோதிக் பாணிக் கூர்முனை ஜன்னல். ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் அதை வரைந்துகொண்டார். இப்படி ஒரு வீட்டில் யார் குடியிருப்பார்கள் என்று யோசித்ததில் பிறந்தவர்கள்தான் அந்த இருவரும். பெண்ணுக்கு நின்றவர் நேன் என்ற பெயருள்ள அவருடைய தங்கை. ஆணுக்கு நின்றவர் மெக்கீபி என்ற பல் மருத்துவர். இருவரும் ஒரு நாள்கூடச் சேர்ந்து நிற்கவில்லை. அந்த வீட்டு முன்னாலும் நிற்கவில்லை. பார்ப்பவர்கள் கணவன் மனைவி என்கிறார்கள். அப்பாவும் மகளும் என்றே தங்கை கடைசிவரை சொல்லிவந்தார்.

கிட்டே போய் நில்லுங்கள். கவைக்கோலின் மூன்று முனைகளும் அவர் போட்டிருக்கும் ஓவரால்ஸின் மார்புத் தையலில் மறுபடி வருகின்றன. அதே நெட்டைக் கோடுகள் மேலே ஜன்னலில் இன்னொரு முறை. பெண்ணின் தலை வழித்து வாரி முடிந்திருக்கிறது. ஆனால் கழுத்துப் பக்கம் ஒரு சுருள் முடி மட்டும் நழுவிக் கிடக்கிறது. அந்த ஒரு முடிக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். அவளுடைய ஏப்ரன் ஓரத்தில் வளைவு வளைவாக ஒரு லேஸ். அந்த மாதிரி லேஸ் அப்போது கடைகளில் கிடைக்காமல், அம்மாவின் பழைய உடையிலிருந்து பிரித்துத் தைத்தார்களாம். தோளுக்குப் பின்னால் திண்ணையில் இரண்டு பூந்தொட்டிகள். ஓவியரின் கையெழுத்தைத் தேடினால் ஓவரால்ஸ் துணிமேலேயே இருக்கும்.

இந்தத் துல்லியம் வந்த வழியும் தெரிந்ததுதான். 1928-ல் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் வேலைக்காக வுட் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போனார். அங்கே பதினைந்தாம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் (இன்றைய பெல்ஜியம் பக்கத்து) ஓவியர்களைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அவர் கை மாறிவிட்டது. கூடத்தின் ஆண்டுக் கண்காட்சியில் இந்தப் படத்துக்கு வெண்கலப் பதக்கமும் 300 டாலரும் கிடைத்தன. அப்புறம் கூடமே இன்னொரு 300 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. தங்களைக் கேலி செய்துவிட்டதாக அயோவா விவசாயக் குடும்பங்கள் கொதித்தன. நான் பார்த்தவரை அந்த முகங்களில் கேலி இல்லை. தெரிந்தவர்களை உற்றுப் பார்த்து வரைந்த படம் அது.

அருங்காட்சியகத்தில் 'பிரிண்ட்' என்று எழுதியிருந்தால் அது நகல்தானே? அசல் வேறெங்கேயோ இருக்குமா?
(கோவில்பட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அசல் வேறெங்கும் இல்லை, நீங்கள் பார்க்கும் தாள்தான் அசல். கடையில் விற்கும் போஸ்டர், ஏற்கெனவே இருக்கும் ஓர் ஓவியத்தைப் படம்பிடித்து அச்சடித்தது. அது நகல். ஓவியர் தகட்டிலோ கல்லிலோ கட்டையிலோ நேரடியாக வேலை செய்து, அதிலிருந்து தாளில் எடுப்பது வேறு. தகட்டில் இருப்பது படம் ஆகாது. தாளில் ஏறும்போதுதான் அது படமாகிறது.

எச்சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். செப்புத் தகட்டை முகம் தெரியும்வரை மெருகேற்றி, மெழுகு கலந்த பூச்சை மேலே பரப்புவோம். ஊசியால் வரைந்தால் ஊசி போன இடத்தில் பூச்சு விலகிச் செம்பு தெரியும். அமிலத்தில் இறக்கினால் அந்தக் கோடுகளை மட்டும் அமிலம் அரிக்கும். நேரம் கூடக்கூடக் கோடு ஆழமாகும், அச்சில் கறுப்பும் ஏறும். பிறகு பூச்சைக் கழுவி, தகடு முழுக்க மை தேய்த்து, மேல்பரப்பில் இருக்கும் மையை வலைத்துணியால் துடைத்தெடுப்போம். கடைசித் துடைப்பு உள்ளங்கையால். மை கோட்டுப் பள்ளத்தில் மட்டும் நிற்கும். நனைத்த தாளைத் தகட்டின்மேல் வைத்து, கம்பளி போர்த்தி, பிரஸ் உருளைகளுக்கு நடுவே அனுப்பினால் தாள் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். வரைந்ததற்கு இடவலம் மாறித்தான் படம் வரும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் அமுங்கிய தடம் இருக்கும். உண்மையான எச்சிங்கைத் தெரிந்துகொள்ள முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

துடைக்கும் கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜேம்ஸ் விஸ்லரைப் பாருங்கள். மாசசூசெட்ஸில் பிறந்தவர். இளம் வயதில் வாஷிங்டனில் அரசாங்கக் கடற்கரை வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, வரைபடத் தகடுகளில் எச்சிங் பழகியவர். வேலையில் நிலைக்கவில்லை, ஆனால் தொழில் கையில் ஏறிவிட்டது. பிறகு லண்டனில் குடியேறினார். விமர்சகர் ரஸ்கின்மேல் 1878-ல் அவர் நடத்திய மானநஷ்ட வழக்கில் வென்றும், கிடைத்த இழப்பீடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. அடுத்த வருஷம் திவாலானார். அப்போது லண்டன் நிறுவனம் ஒன்று பன்னிரண்டு எச்சிங் செய்து தரச்சொல்லி அவரை வெனிஸுக்கு அனுப்பியது. சில மாதங்களில் திரும்ப வேண்டியவர் ஒரு வருஷத்துக்குமேல் தங்கி, ஐம்பது தகடுகள் அளவுக்குச் செய்துகொண்டு வந்தார்.

அந்த வெனிஸ் வரிசையில் 'நாக்டர்ன்' (இரவுக் காட்சி) என்று ஒன்று உண்டு. தகட்டில் கோடு மிகக் குறைவு. தண்ணீர், தூரத்தில் கட்டடங்கள், ஒரு கப்பல். தகட்டின் மேல்பரப்பில் மையை முழுக்கத் துடைக்காமல், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் படலமாக விட்டு அச்செடுப்பார். ஒரு தாளில் நள்ளிரவு, அடுத்ததில் விடியற்காலை. ஒரே தகடுதான், ஆனால் இரண்டு தாளில் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. தாளையும் தேடித் தேடி வாங்குவார். பழைய புத்தகங்களில் எழுதாமல் விட்ட பக்கங்களைக்கூடக் கிழித்து எடுத்து வந்து அச்சடித்திருக்கிறார். அச்சான பிறகு தகட்டுத் தடம்வரை தாளை வெட்டிவிட்டு, கீழே நாக்கு மாதிரி ஒரு துண்டை மட்டும் விட்டு, அதில் தன் வண்ணத்துப்பூச்சி முத்திரையைப் பென்சிலில் போடுவார். சிகாகோ கூடத்தில் விஸ்லரின் எச்சிங்குகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இதையெல்லாம் பார்த்த பிறகும் இது நகலா என்று உங்களுக்கே தோன்றாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிண்ட் என்பது பலர் கைக்குப் போகிற அசல். 1934-ல் நியூயார்க்கில் தொடங்கிய அசோசியேட்டட் அமெரிக்கன் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற நிறுவனம், ஓவியர் கையெழுத்திட்ட லித்தோகிராஃப்களையும் (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சுகள்) எச்சிங்குகளையும் ஐந்து டாலருக்குக் கடைகளிலும் தபாலிலும் விற்றது. பொருளாதார மந்தம் உலுக்கிய காலம் அது. மேலே சொன்ன கிராண்ட் வுட்டும் அவர்களுக்காகக் கல்லில் வரைந்தார். அரண்மனைச் சுவரில் மாட்ட முடியாதவர்கள் வீட்டுக்கும் ஓர் அசல் போனது. நான் ஓவியத்தை விட்டு பிரஸ் பக்கம் வந்ததற்கு இதுதான் காரணம்.

ஹாப்பரின் 'நைட்ஹாக்ஸ்' படத்தில் இருக்கும் கடைக்குக் கதவே இல்லையாமே?
(சேலம் வாசகர்)

தெருவிலிருந்து உள்ளே போகக் கதவு கண்ணில் படாது. உள்ளே சமையல் பக்கம் போகும் கதவு ஒன்று மஞ்சளாகத் தெரியும். இரவு நேரத்தில் ஒரு மூலைக்கடை, பெரிய கண்ணாடி, உள்ளே நான்கு பேர். அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்த டியூப்லைட் வெளிச்சம் பச்சையாகத் தெருவில் வழிகிறது. எட்வர்ட் ஹாப்பர் இதை 1942 ஜனவரியில் முடித்தார். அதே வருஷம் கூடம் 3,000 டாலருக்கு வாங்கியது. சிவப்புச் சட்டைப் பெண்ணுக்கு நின்றவர் மனைவி ஜோ. ஆண்களுக்குத் தானே கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் இருண்ட கடை ஜன்னலைக் கவனியுங்கள். உள்ளே ஒரு கல்லாப்பெட்டி தனியாக நிற்கும்.

இந்த இருட்டை ஹாப்பர் கற்றது செப்புத் தகட்டில். 1913-ல் ஓர் ஓவியம் விற்றவருக்கு அடுத்த ஓவியம் விற்கப் பத்து வருஷம் ஆனது. நடுவில் விளம்பரப் படம் வரைந்து பிழைத்தபடி, 1915 வாக்கில் எச்சிங்கில் இறங்கினார். கிடைத்ததிலேயே வெள்ளையான தாள், கிடைத்ததிலேயே கறுப்பான மை, இரண்டையும் தேடி வாங்கினார். 1921-ல் செய்த 'நைட் ஷாடோஸ்' எச்சிங்கில், மாடியிலிருந்து கீழே பார்க்கிற மாதிரி ஒரு காலித் தெரு, தனியாக நடக்கும் ஒருவன், தெருவைக் குறுக்கே வெட்டும் விளக்குக் கம்பத்தின் நிழல். தி நியூ ரிபப்ளிக் பத்திரிகை 1924-ல் வாசகர்களுக்கு அனுப்பிய ஆறு எச்சிங்குகளில் இதுவும் ஒன்று. எச்சிங்குக்கு வந்த பிறகுதான் தன் ஓவியம் உருத்திரண்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். இருபது வருஷம் கழித்து வந்த 'நைட்ஹாக்ஸ்' இந்தச் சின்னத் தாளின் வாரிசு என்றே நான் நினைக்கிறேன்.

அந்தக் காலத்து அமெரிக்கப் பெண் ஓவியர் ஒருவரைச் சொல்லுங்கள். அம்மாவும் குழந்தையும் வரைந்தவர் என்கிறார்களே, அவர் யார்?
(தஞ்சாவூர் வாசகி)

மேரி கசாட். 1844-ல் பென்சில்வேனியாவில் பிறந்தார், பாரிஸில் வாழ்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரெஞ்சு ஓவியர் டெகா அழைத்து, ஒளியின் கணநேரத் தோற்றத்தை வரைந்த இம்ப்ரெஷனிஸ்டுகளோடு சேர்ந்தவர். 'அம்மாவும் குழந்தையும் வரைந்தவர்' என்று சொல்லி அவரை ஒதுக்கி வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. சிகாகோ கூடத்தில் 1893-ல் வரைந்த 'தி சைல்ட்ஸ் பாத்' இருக்கிறது. கோடு போட்ட உடையில் ஒரு பெண், குழந்தையை மடியில் வைத்துப் பாதத்தைக் கழுவுகிறாள். மேலிருந்து பார்க்கும் கோணம். இரண்டு பேருடைய பார்வையும் தண்ணீருக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கால்மேல். குழந்தையின் வயிற்றை அணைத்திருக்கும் அந்தக் கையைப் பாருங்கள். பிடியும் இருக்கிறது, இறுக்கமும் இல்லை. உடம்பை அறிந்தவர் வரைந்த கை அது.

அந்தக் கோணம் எங்கிருந்து வந்தது? 1890-ல் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியில் ஜப்பானிய மரக்கட்டை அச்சுகளின் பெரிய கண்காட்சி நடந்தது. கசாட் அதைப் பார்த்து ஆடிப்போனார். அடுத்த வருஷத்துக்குள் பத்து வண்ண அச்சோவியங்கள் செய்து முடித்தார். ஜப்பானியர் போல மரத்தில் செதுக்காமல், செப்புத் தகட்டில் டிரைபாயின்ட் கோடும் (அமிலமில்லாமல் ஊசியால் நேரே கீறுவது) அக்வாடின்ட் தொனியும் (பிசின் தூள் தூவி அமிலத்தால் சாயல் பரப்புவது) கலந்து செய்தார். பெரும்பாலும் ஒரு படத்துக்கு மூன்று தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் துணிச்சுருளால் வெவ்வேறு வண்ணத்தை அதனதன் இடத்தில் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அதே தாளில் அச்சடிக்க வேண்டும். மயிரிழை தவறினாலும் தாள் பாழ். ஒவ்வொரு படத்திலும் 25 பிரதி. இதே முறையில் இரண்டு தகட்டுப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த 25 என்ற எண்ணின் கனம் தெரியும்.

அதில் 'தி லெட்டர்' என்ற படத்தில், ஒரு பெண் கடித உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டுகிறாள். சின்ன மேஜை, நீல உடை, பின்னால் பூப்போட்ட சுவர். யாருக்குக் கடிதம், என்ன செய்தி, ஒன்றும் தெரியாது. தாளின் கீழே கசாட் பென்சிலில் ஒரு வரி எழுதுவார்: ஓவியரும் மஸ்ஸியே (திரு) லெரோவாவும் சேர்ந்து அச்சடித்தது என்று. லெரோவா அவருக்கு உதவிய அச்சுக்காரர். பிரஸ்ஸில் நிற்பவரின் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் எழுதும் பெருந்தன்மை எல்லாருக்கும் வராது. அதற்காகவே அவரை நான் கும்பிடுகிறேன்.

இவ்வளவு பிரிண்ட் இருந்தும் போனபோது சிலதைத்தான் சுவரில் பார்த்தேன். வாங்கிப் பூட்டி வைப்பானேன்?
(மகன் வீட்டுக்கு சிகாகோ போய்வந்த கோவை வாசகர்)

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பூட்டி வைப்பது அந்தத் தாள் பிழைக்கத்தான். எண்ணெய் ஓவியத்தைப் போல அல்ல தாள். வெளிச்சம் பட்டால் தாள் பழுக்கும், வண்ணம் போகும். போன வண்ணம் திரும்பாது. அதனால் காட்சிக்கு வைக்கும்போது விளக்கை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைத்து, சில மாதம் மட்டும் மாட்டி, பிறகு வருஷக்கணக்கில் இருட்டுப் பெட்டியில் ஓய்வு கொடுப்பார்கள்.

வின்ஸ்லோ ஹோமரின் நீர்வண்ணப் படம் ஒன்று சிகாகோவில் இருக்கிறது, 1887-ல் வரைந்தது. வயலில் ஒரு பண்ணைச் சிறுவன். வானம் வெறும் வெள்ளையாக இருக்கும். அப்படியொரு கைதேர்ந்தவர் வானத்தை ஏன் வெறுமையாக விட்டார் என்று கேள்வி இருந்தது. கூடத்தின் பாதுகாப்புப் பிரிவினரும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் சேர்ந்து, தாளில் மிஞ்சியிருந்த நுண்ணிய வண்ணத் துகள்களை லேசர் ஒளியால் ஆராய்ந்தார்கள். வெளிச்சத்துக்குத் தாங்காத சிவப்பு, ஊதாச் சாயங்களின் தடம் கிடைத்தது. அந்த வானம் ஒரு காலத்தில் அந்திச் சிவப்பு. வெயிலில் போட்ட புடவை வெளுப்பதுபோல வெளுத்துப் போயிருக்கிறது. பழைய வானத்தைக் கணினியில் மட்டும்தான் மறுபடி உருவாக்கிப் பார்க்க முடிந்தது.

இதை வாசித்த பிறகு உங்கள் வீட்டுக் கூடத்தில் வெயில் படும் சுவரில் ஏதாவது பழைய லித்தோ படம் இருந்தால் இன்றைக்கே இடம் மாற்றுங்கள். ரவிவர்மா படமாக இருந்தாலும் சரி, பழைய காலண்டர் முருகனாக இருந்தாலும் சரி.

விவேகானந்தர் பேசிய கட்டடம் இதுதானா?
(ராமநாதபுரம் வாசகர்)

ஆமாம். 1893 உலகக் கண்காட்சியையொட்டிக் கட்டி, முதலில் மாநாடுகளுக்கு விட்ட கட்டடம். சர்வசமயப் பேரவை செப்டம்பர் 11-ம் தேதி இங்கேதான் கூடியது. அவரை அனுப்ப சென்னையில் வீடு வீடாகப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாளை நாம் மறக்கக் கூடாது. அதே உலகக் கண்காட்சிக்கு ரவிவர்மாவின் பத்து ஓவியங்கள் போய்ப் பரிசும் பெற்றன. மேரி கசாட் அங்கே பெண்கள் மண்டபத்துக்கு வரைந்த பிரமாண்டச் சுவரோவியம் பிறகு காணாமலே போய்விட்டது. 2010 செப்டம்பர் 11-ல் மும்பை கலைஞர் ஜிதிஷ் கல்லாட், விவேகானந்தரின் உரையை இந்தக் கூடத்தின் பெரிய படிக்கட்டில் விளக்கெழுத்துகளால் எழுதிவைத்தார்.

அமெரிக்கப் படங்களில் கறுப்பின மக்கள் எங்கே? அவர்களே வரைந்தது இருக்கிறதா?
(மதுரையிலிருந்து ஓர் ஆசிரியர்)

நிறையவே இருக்கிறது. ஹென்றி ஒசாவா டேனரின் ஓவியம் ஒன்றை இந்தக் கூடம் 1906-லேயே வாங்கியது. இந்தக் கூடத்தின் பள்ளியிலேயே படித்த ஆர்ச்சிபால்ட் மாட்லி 1943-ல் வரைந்த 'நைட்லைஃப்', சிகாகோவின் கறுப்பினக் குடியிருப்பில் ஓர் இரவு விடுதி. 'நைட்ஹாக்ஸ்' வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே நான்கு பேர் பேசாமல் உட்கார்ந்திருக்க, இங்கே அறை முழுக்க ஆட்டமும் சிரிப்பும், கருஞ்சிவப்பு வெளிச்சமும்.

ஆனால் என்னை உலுக்கியது ஒரு லினோகட், அதாவது லினோலியம் என்ற மெத்தென்ற விரிப்பில் செதுக்கி எடுத்த அச்சு. எலிசபெத் கேட்லெட்டின் 'ஷேர்க்ராப்பர்', 1952. அடுத்தவர் நிலத்தை விளைச்சலில் பங்குக்கு உழும் விவசாயப் பெண்ணின் முகமும் தோளும், அகலமான வைக்கோல் தொப்பி. கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணம், அதனால் அவள் கோபுரமாக நிற்கிறாள். மேலாடைக்குப் பொத்தான் இல்லை. கழுத்தருகே ஒரு பெரிய ஊக்கு குத்தியிருக்கிறது. வறுமையைச் சொல்ல கேட்லெட் அந்த ஊக்கோடு நிறுத்திக்கொண்டார். முகத்தில் வறுமையைப் போடவில்லை. லினோலியத்தில் கத்தி போன ஒவ்வொரு கீற்றும் தாளில் வெள்ளையாக வரும். கன்னத்தில் ஒரு திசை, கழுத்து நரம்பில் ஒரு திசை, தொப்பியில் பின்னல் பின்னலாக இன்னொரு திசை. கத்தி எங்கே திரும்பியது என்பதைக் கண்ணாலேயே தொடரலாம்.

கேட்லெட் அடிமைகளாக இருந்தவர்களின் பேத்தி. கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் தேர்வாகியும், கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் இடம் மறுக்கப்பட்டது. ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவருக்கு ஆசிரியர் யார் தெரியுமா? 'அமெரிக்கன் கோதிக்' வரைந்த அதே கிராண்ட் வுட். உனக்கு நன்றாகத் தெரிந்ததை வரை என்று வுட் சொன்னதைத் தன் வாழ்நாள் முழுக்க நினைவுகூர்ந்தார். அயோவா பல்கலைக்கழக விடுதியில் தங்க கறுப்பின மாணவர்களுக்கு அப்போது அனுமதி இல்லை. 1946-ல் மெக்சிகோ போய், அங்குள்ள மக்கள் அச்சுப் பட்டறையில் சேர்ந்தார். 1962-ல் மெக்சிகோ குடியுரிமை பெற்றதும் அமெரிக்கா அவரை வேண்டாதவர் பட்டியலில் வைத்தது. தன் சொந்தக் கண்காட்சிக்கு வரக்கூடப் போராட வேண்டியிருந்தது. இன்றைக்கு அதே நாட்டின் பெரிய கூடங்களில் அந்த ஊக்கு குத்திய பெண் நிற்கிறாள். மதுரைக்கு வெளியே வயலில் நிற்கும் பெண்களைத் தெரிந்த உங்கள் மாணவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டுங்கள், விளக்கம் தேவைப்படாது.

நம் பக்கத்தவர் யாருடைய அச்சோவியமாவது அமெரிக்கக் கூடங்களில் உண்டா?
(சென்னை வாசகர்)

கிருஷ்ணா ரெட்டி. 1925-ல் அன்றைய சென்னை மாகாணத்தில் சித்தூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தார். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்துவிட்டு, 1947 முதல் 1949 வரை நம் கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவை நடத்தினார். பிறகு லண்டன், அங்கிருந்து பாரிஸில் ஆங்கிலேய அச்சோவியர் ஹேட்டரின் 'அட்லியே 17' பட்டறை. 1976-லிருந்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அச்சோவியத் துறைத் தலைவர். 2018-ல் காலமானார்.

கசாட் மூன்று தகட்டில் பட்ட பாட்டைச் சொன்னேன் அல்லவா? ரெட்டியும் பட்டறைத் தோழர்களும் எல்லா வண்ணத்தையும் ஒரே தகட்டில், ஒரே இழுப்பில் கொண்டுவந்தார்கள். தகட்டை மேடு, இடைநிலை, பள்ளம் என்று பல மட்டத்தில் செதுக்குவார்கள். எண்ணெய் சேர்த்துத் தளர்த்திய மையைக் கெட்டி ரோலரில் உருட்டினால் மேட்டை மட்டும் தொடும். எண்ணெய் குறைந்த இறுக்கமான மையை மெத்தென்ற ரோலரில் உருட்டினால் பள்ளத்துக்கும் இறங்கும், ஆனால் ஏற்கெனவே எண்ணெய் மை ஏறிய மேட்டில் ஒட்டாது. எண்ணெயின் அளவை வைத்தே வண்ணங்களைப் பிரிக்கும் இந்த உத்தியை என் மாணவர்கள் முதல் தடவை பார்க்கும்போது வகுப்பே பிரஸ்ஸைச் சுற்றிக் கூடிவிடும். அடிப்படையில் சிற்பி என்பதால் தகட்டையும் சிற்பமாகவே ரெட்டி செதுக்கினார். 1963-ல் செய்த 'வேர்ல்பூல்' சுழல் படத்தைப் பாருங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2016-ல் ஹேட்டர், ரெட்டி, ஜரீனா ஹாஷ்மி மூவரின் அச்சுகளையும் சேர்த்துக் காட்சிக்கு வைத்தது.

மகள் பிரசவத்துக்காக சிகாகோ போகிறோம். கூடத்துக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். எதைப் பார்ப்பது?
(திருநெல்வேலித் தம்பதி)

மகளுக்கு என் ஆசீர்வாதம். மிச்சிகன் அவென்யூ வாசலில் 1894-லிருந்து நிற்கும் இரண்டு வெண்கலச் சிங்கங்களைத் தாண்டி உள்ளே போனதும், எல்லாவற்றையும் பார்க்கும் ஆசையை விடுங்கள். 'அமெரிக்கன் கோதிக்', 'நைட்ஹாக்ஸ்', கசாட்டின் குழந்தை. ஒவ்வொன்றின் முன்னாலும் கால் மணி நேரம் நில்லுங்கள். பிரபலமான படங்களைச் சில சமயம் வேறு ஊருக்கு இரவல் கொடுப்பார்கள், போகும் முன் கூடத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஜார்ஜியா ஓ'கீஃப் வரைந்த 'ஸ்கை அபவ் கிளவுட்ஸ் IV'. விமான ஜன்னலிலிருந்து தெரியும் மேகக் கூட்டம், 24 அடி நீளம். 1965-ல் தன் 77 வயதில், நியூ மெக்சிகோ வீட்டுக் கார் ஷெட்டில் வரைந்தது. பிறகு சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் போக வேண்டிய படம், அங்குள்ள கதவுக்குள் நுழையாது என்று சிகாகோவிலேயே தங்கிவிட்டது.

அச்சோவியம் பார்க்க ஆசை இருந்தால், போவதற்குச் சில வாரம் முன்பே அச்சோவியப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதி நேரம் கேளுங்கள். விஸ்லரின் வெனிஸ் வரிசை, கசாட்டின் 'தி லெட்டர்', கேட்லெட்டின் 'ஷேர்க்ராப்பர்' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தால் பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைப்பார்கள், கண்ணாடிச் சட்டம் குறுக்கே இருக்காது. பேனா அனுமதி இல்லை, பென்சில் கொண்டு போங்கள். தாளைத் தொடாமல், பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பாருங்கள். தகடு அமுங்கிய தடமும் மை மேடாக நிற்பதும் அந்தக் கோணத்தில்தான் தெரியும்.